பன்னிரண்டு ஹிட்டும் ஒரு ஹிட்டும்

பேஸ்பால் ஸ்கோர் கார்டின் கடைசியில் ஒவ்வொரு அணிக்கும் மூன்று எண்கள் இருக்கும்: ரன், ஹிட், ஃபீல்டிங் பிழை. 1959 மே 26 இரவு மில்வாக்கி கவுண்டி ஸ்டேடியத்தில் நடந்த ஆட்டத்துக்கு அந்த எண்கள் இவை. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ்: 0, 12, 1. மில்வாக்கி பிரேவ்ஸ்: 1, 1, 0.

பன்னிரண்டு ஹிட் அடித்த அணி தோற்றிருக்கிறது. ஒரே ஒரு ஹிட் அடித்த அணி ஜெயித்திருக்கிறது. அந்த ஒரு ஹிட்டும் பதின்மூன்றாவது இன்னிங்ஸில் வந்தது. அதற்கு முந்தைய பன்னிரண்டு இன்னிங்ஸிலும் பிரேவ்ஸ் அணியின் ஒரு ஆள்கூட ஒரு பேஸைக்கூட மிதிக்கவில்லை.

இந்த ஆட்டத்தைப் பற்றி எங்கே படித்தாலும் பிட்ஸ்பர்க்குக்குப் பந்து வீசிய பிட்சர் ஹார்வி ஹேடிக்ஸின் சோகக் கதையாகத்தான் அது இருக்கும். உலகின் மிகச் சிறந்த பந்துவீச்சு, கடைசியில் தோல்வி, பாவம் மனுஷன். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஸ்கோர் கார்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு இன்னிங்ஸாகப் படித்தால் எனக்கு வேறொன்று தெரிகிறது. இரண்டு பிட்சர்களும் தங்கள் கைகளால் கட்டிவைத்த ஆட்டத்தை, மற்றவர்களின் கால்கள் முடித்துவைத்திருக்கின்றன.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் விதிகள். பேட்ஸ்மேன் மூன்று பேஸ்களையும் வரிசையாகத் தொட்டு, அடித்த இடமான வீட்டுக்குத் திரும்பினால் ஒரு ரன். பந்தை அடித்துப் பத்திரமாக ஒரு பேஸுக்குப் போனால் அது ஹிட்: ஒரு பேஸ் என்றால் சிங்கிள், இரண்டு என்றால் டபுள், பந்து வேலியைத் தாண்டினால் ஹோம் ரன். ஒரு அணிக்கு ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொரு இன்னிங்ஸிலும் மூன்று அவுட். ஆக மொத்தம் 27 அவுட். வந்த 27 பேரையும் வந்த வரிசையிலேயே அவுட்டாக்கி, ஒருவரைக்கூட முதல் பேஸுக்குப் போகவிடாமல் ஒரு பிட்சர் ஆட்டத்தை முடித்தால் அது பெர்ஃபெக்ட் கேம். ஹிட் மட்டும் இல்லாமல் இருந்தால் போதாது. நான்கு மோசமான பந்து போட்டு ஒருவரைச் சும்மா நடக்கவிட்டாலும் போச்சு. ஃபீல்டர் பந்தைக் கோட்டை விட்டாலும் போச்சு, பந்து பேட்ஸ்மேன் மேல் பட்டாலும் போச்சு. இதில் ஹிட் மட்டும் இல்லாத ஆட்டத்துக்கு நோ-ஹிட்டர் என்று பெயர். அது அபூர்வம். பெர்ஃபெக்ட் கேம் அதைவிடவும் அபூர்வம். அமெரிக்கப் பேஸ்பாலின் இரண்டு பெரிய லீகுகளில் ஒன்றான நேஷனல் லீகில் 1880-ல் ஜூன் மாதம் சில நாள் இடைவெளியில் இரண்டு நடந்தன. அதற்குப் பிறகு 1959 வரை ஒன்றுகூட இல்லை. மற்றொரு லீகில் 1922-ல் சார்லி ராபர்ட்சன் வீசியிருந்தார். இரண்டு லீக் சாம்பியன்களும் மோதும் உலகத் தொடரில், 1956-ல் நியூயார்க் யாங்கீஸின் டான் லார்சன் வீசியது எல்லோருக்கும் தெரிந்த கதை.

ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் சமநிலை என்றால் ஆட்டம் முடியாது. யாராவது முந்தும்வரை பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று நீண்டுகொண்டே போகும். அன்றைக்கு நடந்த அநியாயம் முழுக்க இந்த விதியில்தான் அடங்கியிருக்கிறது.

ஹேடிக்ஸுக்கு அப்போது 33 வயது. ஒஹையோ மாநிலத்தில் மெட்வே என்ற சிற்றூரில் பிறந்தவர், இடது கை, உயரம் 5 அடி 9 அங்குலம். பிட்சர் என்றால் ஆறடிக்கு மேல் இருக்க வேண்டும் என்று நினைக்கும் ஊரில் இது ரொம்பச் சின்ன உடம்பு. செயின்ட் லூயிஸ் அணியில் ஹாரி பிரெக்கீன் என்று ஒரு பிட்சர் இருந்தார், பட்டப்பெயர் பூனை. ஹேடிக்ஸ் அவரைப் போலவே இருந்ததால் அவருக்குப் பூனைக்குட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1953-ல் அதே செயின்ட் லூயிஸுக்காக 20 ஆட்டங்கள் ஜெயித்தவர். அப்புறம் அணி மேல் அணியாக மாறி, 1959 ஜனவரியில் சின்சினாட்டியிலிருந்து பிட்ஸ்பர்க் வந்தார். அந்தப் பரிமாற்றத்தில் அவரோடு இன்னும் இருவர் வந்தார்கள்: பேட்ஸ்மேனுக்குப் பின்னால் குந்திப் பந்தைப் பிடிக்கும் கேட்சர் ஸ்மோக்கி பர்ஜஸ், மூன்றாவது பேஸில் நிற்கும் டான் ஹோக். ஒரே ஒப்பந்தத்தில் வந்த இந்த மூவரும் இந்தக் கதையில் முக்கியமானவர்கள். அதனால் பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று ஹேடிக்ஸுக்குச் சளி, காய்ச்சல், இருமல். தொண்டைக்கு இதமாக மிட்டாய் மாத்திரையைச் சப்பிக்கொண்டேதான் ஆடினார். ஆட்டத்துக்கு முன் அணிக் கூட்டத்தில், பிரேவ்ஸின் ஒவ்வொரு பேட்ஸ்மேனுக்கும் எப்படி வீசப்போகிறேன் என்று அவர் விளக்கியிருக்கிறார். அதைக் கேட்ட ஹோக், நீ சொன்னபடியே வீசினால் நோ-ஹிட்டர்தான் என்று கிண்டலடித்ததாகச் சொல்வார்கள். இந்த மாதிரிக் கதைகள் பின்னால் நடந்ததைத் தெரிந்துகொண்டு மெருகேற்றப்படுவது வழக்கம். ஆனாலும் ஹோக்கின் வாயிலிருந்து அது வந்திருந்தால் விதிக்கு நல்ல நகைச்சுவை உணர்ச்சி இருக்கிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எதிரே நின்ற அணி சாதாரண அணி இல்லை. பாஸ்டனிலிருந்து 1953-ல் மில்வாக்கிக்குக் குடிபெயர்ந்த பிரேவ்ஸ், 1957-ல் உலக சாம்பியன். 1958-லும் லீக் பட்டம் அவர்களுடையதுதான். ஹாங்க் ஆரோன், எடி மேத்யூஸ், ஜோ ஆட்காக் என்று வரிசையில் இருந்த மூவரில் யாரையும் பார்த்து ஒரு பிட்சர் பெருமூச்சு விடலாம். ஆட்காக் 1954-ல் ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன் அடித்தவர்.

பிட்சராக லூ பர்டெட். 1957 உலகத் தொடரில் யாங்கீஸைத் தனி ஆளாக மூன்று முறை தோற்கடித்தவர். பந்து வீசும் மேட்டில் நின்று தொப்பியைத் தொடுவார், சட்டையைத் தொடுவார், உதட்டைத் தொடுவார். பந்தில் எச்சில் தடவுகிறார் என்று எதிரணிகள் புலம்பும். தடவினாரோ இல்லையோ, தடவுகிறார் என்று பேட்ஸ்மேன் நினைத்தாலே அவருக்குப் பாதி வேலை முடிந்தது.

பிட்ஸ்பர்க் அணி அன்று கொஞ்சம் ஊனமாகத்தான் இறங்கியது. ரொபெர்தோ க்ளெமெண்ட்டே காயத்தால் ஆடவில்லை. இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் டிக் க்ரோட் சரியாக அடிக்காததால் உட்காரவைக்கப்பட்டிருந்தார். பெரிய அடி அடிக்கும் டிக் ஸ்டூவர்ட்டும் முதலில் இறங்கவில்லை. க்ளெமெண்ட்டேக்குப் பதில் ரோமன் மெஹியாஸ், க்ரோட்டுக்குப் பதில் டிக் ஸ்கோஃபீல்ட், முதல் பேஸில் ராக்கி நெல்சன்.

மூன்றாவது இன்னிங்ஸில் நடந்ததை எல்லோரும் ஒரு வரியில் கடந்துபோவார்கள். எனக்கு இதுதான் ஆட்டத்தின் முதல் திருப்பம். மெஹியாஸ் முதல் பேஸில் நிற்கிறார். ஹேடிக்ஸ் அடித்த பந்து பர்டெட்டின் மேல் பட்டுத் தெறிக்கிறது. ஹேடிக்ஸ் முதல் பேஸுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார், மெஹியாஸ் இரண்டாவது பேஸைத் தொட்டாகிவிட்டது. அங்கே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. பந்து இன்னும் உருண்டுகொண்டிருக்கிறது என்ற நினைப்பில் மூன்றாவது பேஸுக்கு ஓடினார். பந்து அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. அவுட்.

அடுத்து வந்த ஸ்கோஃபீல்ட் சிங்கிள் அடித்தார். இரண்டாவது பேஸில் ஆள் நின்றிருந்தால் பெரும்பாலும் ரன் வந்திருக்கும் அடி அது. இப்போது ஹேடிக்ஸ் மூன்றாவது பேஸ் வரைக்கும்தான் போக முடிந்தது. ரன் இல்லாமலே இன்னிங்ஸ் முடிந்தது. அந்த ஒரு ரன் வந்து, மற்றதெல்லாம் நடந்தபடியே நடந்திருந்தால், ஒன்பதாவது இன்னிங்ஸ் முடிவில் ஹேடிக்ஸ் 1-0 என்று பெர்ஃபெக்ட் கேமை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். பேஸ்பால் வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு வரியாக இருந்திருப்பார். நானும் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

இதற்காக மெஹியாஸை யாரும் பெரிதாகக் குறை சொன்னதில்லை. ஆட்டத்தின் மூன்றாவது இன்னிங்ஸில், 0-0 என்று இருக்கும்போது, கொஞ்சம் துணிந்து ஓடுவது தப்பா என்ன? அன்று இரவு அது எவ்வளவு விலை உயர்ந்த ஓட்டம் என்று யாருக்குத் தெரியும்?

அதன் பிறகு இரண்டு பக்கமும் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். ஹேடிக்ஸ் பெரும்பாலும் இரண்டே வகைப் பந்துகள்தான் வீசினார், வேகமாக வரும் ஃபாஸ்ட்பாலும் பக்கவாட்டில் விலகும் ஸ்லைடரும். ஜானி லோகன் அடித்த ஒரு பந்து நேராகப் பறந்தது, ஸ்கோஃபீல்ட் எகிறிப் பிடித்தார். அதைவிட்டால் பிரேவ்ஸ் தரப்பில் மூச்சுவிடவைக்காத தருணங்கள் குறைவு. பர்டெட் பக்கம் நிலைமை நேர் எதிர். ஏறக்குறைய ஒவ்வொரு இன்னிங்ஸிலும் யாராவது ஒருவர் சிங்கிள் அடித்துவிட்டு பேஸில் நிற்பார். பர்டெட் சட்டையைத் தொட்டுவிட்டு ஒரு பந்து போடுவார். பந்து தரையோடு உருளும், ஒரே பந்தில் இரண்டு அவுட். ஏழாவது இன்னிங்ஸில் பாப் ஸ்கின்னர் வலது பக்கம் தூக்கி அடித்த பந்து வேலியைத் தாண்டும் என்றே தோன்றியது. எதிர்க்காற்று அதைத் தடுத்து நிறுத்த, வேலியோரம் ஆரோன் பிடித்தார்.

ஒன்பதாவது இன்னிங்ஸின் கடைசி ஆள் பர்டெட்தான். அவரையும் பந்தை அடிக்கவிடாமலே மூன்று ஸ்ட்ரைக்கில், அதாவது ஸ்ட்ரைக் அவுட், ஆக்கினார் ஹேடிக்ஸ். 27 பேர், 27 அவுட். வேறெந்த ஆட்டமாக இருந்தாலும் இந்த இடத்தில் கேட்சர் ஓடிவந்து பிட்சரைக் கட்டிப்பிடித்திருப்பார். ஹேடிக்ஸ், அணி உட்காரும் இடமான டக்அவுட்டுக்கு நடந்துபோய் உட்கார்ந்தார். நோ-ஹிட்டர் போய்க்கொண்டிருக்கும்போது பிட்சரிடம் யாரும் அதைப் பற்றிப் பேசக் கூடாது என்பது பேஸ்பாலில் பலமான நம்பிக்கை, கண்ணேறு மாதிரி. ஹிட் எதுவும் விடவில்லை என்பது அவருக்கே தெரியும். ஆனால் ஆரம்பத்தில் யாரையோ நடக்கவிட்டிருப்போம் என்று நினைத்துக்கொண்டிருந்ததாகப் பின்னால் சொன்னார். எத்தனை பேரை வரிசையாக வீழ்த்தினார் என்று மைதானத்தில் சரியாகத் தெரியாத ஆள் அவராக இருந்திருக்கலாம்.

பத்தாவது இன்னிங்ஸில் டிக் ஸ்டூவர்ட்டை மாற்று ஆளாக இறக்கினார்கள். சென்டர் ஃபீல்டின் ஆழத்துக்கு அடித்தார். ஆண்டி பாஃப்கோ பிடித்தார். ஹேடிக்ஸ் மறுபடி மூன்று பேர், மூன்று அவுட். பதினொன்று அப்படியே. பன்னிரண்டும் அப்படியே. 36 பேர். அதற்கு முன்னாலும் பின்னாலும் பெரிய லீகில் யாரும் ஒரே ஆட்டத்தில் இவ்வளவு தூரம் போனதில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் செருக வேண்டும், ஏனென்றால் இது தெரிந்தபின் அந்த 36 எனக்கு வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது. கேட்சர் பர்ஜஸ் கனத்த உடம்புக்காரர், முழங்காலை மடக்கி ஆழமாகக் குந்த அவரால் முடியாது. அடுத்து என்ன பந்து என்று அவர் விரலால் காட்டும் சைகை, மாற்று பிட்சர்கள் காத்திருக்கும், தூரத்தில் இருந்த பிரேவ்ஸ் புல்பென்னிலிருந்தே தெரிந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் பைனாக்குலரில் பார்த்து, ஒரு துண்டை இடம் மாற்றி வைத்து, வருவது ஃபாஸ்ட்பாலா வளைந்துபோகும் பந்தா என்று தங்கள் பேட்ஸ்மேனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். முப்பது வருடம் கழித்து பிரேவ்ஸ் பிட்சர் பாப் பியூல் இதைப் போட்டு உடைத்தார். ஆரோன் ஒருவர்தான் அந்த உதவியை வாங்கிக்கொள்ளாதவராம்.

அதாவது, என்ன பந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு நின்ற ஒரு சாம்பியன் அணி, 36 முறை அடிக்க முடியாமல் திரும்பியிருக்கிறது. கேள்வித்தாள் முன்கூட்டியே கிடைத்தும் மொத்த வகுப்பும் பூஜ்யம் வாங்கிய மாதிரி. திருட்டுக்காக பிரேவ்ஸ் மேல் எனக்குக் கோபம் வர வேண்டும், வரவில்லை. அந்தத் திருட்டுதான் ஹேடிக்ஸுக்குக் கிடைத்த மிகப் பெரிய நற்சான்றிதழ்.

பதின்மூன்றாவது இன்னிங்ஸ். பிட்ஸ்பர்க்குக்கு மறுபடி பூஜ்யம். பர்டெட் 13 இன்னிங்ஸ் முழுக்கத் தனியாக வீசி முடித்துவிட்டார். 12 ஹிட், எல்லாமே சிங்கிள். ஒருவரைக்கூட நடக்கவிடவில்லை. ஹேடிக்ஸ் பக்கம் நடந்த அதிசயத்தின் வெளிச்சத்தில் இந்தக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. வேறு எந்த இரவிலாவது இப்படி ஒரு ஆட்டத்தை பர்டெட் வீசியிருந்தால் தலைப்புச் செய்தி அவர்தான்.

பிரேவ்ஸின் முறை. 37-ஆவது ஆள், நடுவில் மாற்றாக வந்த ஃபெலிக்ஸ் மண்டீயா. மூன்றாவது பேஸ் பக்கம் தரையோடு ஒரு பந்து, தினமும் பத்து தடவை பிடித்து எறியும் வகை. ஹோக் பிடித்தார், எறிந்தார், பந்து தாழ்ந்து போனது. முதல் பேஸில் நெல்சனால் அதை அள்ள முடியவில்லை. மண்டீயா பேஸில். ஆம், கூட்டத்தில் கிண்டலடித்த அதே ஹோக். பெர்ஃபெக்ட் போச்சு, நோ-ஹிட்டர் மட்டும் மிச்சம்.

மேத்யூஸ், லீகின் பெரிய அடிக்காரர்களில் ஒருவர், பந்தை மெதுவாகத் தட்டிவிட்டுத் தன்னைப் பலிகொடுத்து மண்டீயாவை இரண்டாவது பேஸுக்கு நகர்த்தினார். அடுத்து ஆரோன். அவருக்கு வீசுவது பைத்தியக்காரத்தனம் என்று வேண்டுமென்றே நடக்கவிட்டார்கள். அடுத்து ஆட்காக். அன்று இரவு நான்கு முறை வந்து இரண்டு ஸ்ட்ரைக் அவுட் உட்பட நான்கிலும் தோற்றவர். ஒரு ஸ்லைடர் உயரமாக வந்தது. வலது-மத்திய வேலிக்கு மேலே பறந்தது.

மூன்று ரன் ஹோம் ரன், 3-0. கதை இங்கே முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் முதல் பேஸிலிருந்து ஓடிய ஆரோன் பந்து வேலியைத் தாண்டியதைக் கவனிக்கவில்லை. வேலியில் பட்டு உள்ளே விழுந்துவிட்டது என்று நினைத்தார். அப்படியென்றால் மண்டீயா வீட்டுக்குப் போனதும் ஆட்டம் முடிந்தது. எனவே இரண்டாவது பேஸைத் தொட்டுவிட்டு, நிம்மதியாகத் திரும்பி டக்அவுட்டை நோக்கி நடக்க ஆரம்பித்தார். பின்னால் தலையைக் குனிந்து ஓடிவந்த ஆட்காக் அவரைக் கடந்து மூன்றாவது பேஸை நோக்கிப் போய்விட்டார். முன்னால் ஓடுபவரைப் பின்னால் வருபவர் தாண்டினால் தாண்டியவர் அவுட். நடுவர் ஆட்காக்கை அவுட் என்றார். அன்று இரவு ஸ்கோர் 2-0 என்றார்கள். மறுநாள் நேஷனல் லீக் தலைவர் வாரன் ஜைல்ஸ் உட்கார்ந்து விதிகளைப் பார்த்து, ஆட்காக்கின் அடி ஹோம் ரன் இல்லை, டபுள்தான், மண்டீயாவின் ரன் மட்டுமே செல்லும், 1-0 என்று தீர்ப்புச் சொன்னார்.

மூன்றாவது இன்னிங்ஸில் ஒருவர் தேவைக்கு மேல் ஓடினார், பதின்மூன்றாவதில் இன்னொருவர் தேவைக்குக் குறைவாக ஓடினார். முதல் ஓட்டம் ஹேடிக்ஸின் வெற்றியைத் தின்றது. இரண்டாவது, ஆட்காக்கின் ஹோம் ரன்னைத் தின்றது. ஆட்காக்கின் வாழ்நாள் கணக்கு 336 ஹோம் ரன்னோடு நிற்கிறது. பேஸ்பாலின் மிகப் புத்திசாலி ஆட்டக்காரர்களில் ஒருவர் என்று பெயரெடுத்த ஆரோனா இப்படிச் செய்தார் என்று முதலில் நம்ப முடியவில்லை. பதின்மூன்று இன்னிங்ஸ் பூஜ்யம் பார்த்த கண்ணுக்கு, பந்து வேலியைத் தாண்டும் என்ற எண்ணமே மறந்துபோயிருக்கும்.

ஹோக் மேல் ஹேடிக்ஸ் கோபப்பட்டதாக எங்கும் படித்ததில்லை. மறு வருடம், 1960 உலகத் தொடரில் யாங்கீஸுக்கு எதிராக ஹேடிக்ஸ் இரண்டு ஆட்டங்கள் ஜெயித்தார். அதில் ஒன்று, பில் மாசரோஸ்கியின் ஹோம் ரன்னில் முடிந்த அந்தப் புகழ்பெற்ற ஏழாவது ஆட்டம். மில்வாக்கி இரவில் பிட்ஸ்பர்க்குக்காக இரண்டாவது பேஸில் ஃபீல்டிங் செய்தவரும் இதே மாசரோஸ்கிதான். ஆறுதல் சொல்லி ஹேடிக்ஸுக்கு நிறையக் கடிதங்கள் வந்தன. டெக்சாஸ் கல்லூரி மாணவர்கள் சிலர், அச்சில் போட முடியாத ஒரு சொல்லைச் சேர்த்து, உன் தலையெழுத்து என்கிற பொருளில் ஒரே வரி எழுதியிருந்தார்கள். முதலில் எரிச்சல் வந்ததாம். பிறகு யோசித்துப் பார்த்தால், நடந்ததை இதைவிடச் சரியாக யாரும் சொல்லவில்லை என்று தோன்றியதாம். அந்தக் கடிதத்தை ரசித்த மனிதரை எனக்குப் பிடித்திருக்கிறது.

பர்டெட்டோ வேறு ரகம். வரலாற்றின் மிகச் சிறந்த பந்துவீச்சுகூட என்னை ஜெயிக்கப் போதவில்லை, அப்படியென்றால் நான்தான் மிகச் சிறந்தவன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். சம்பளப் பேச்சிலும் இந்த வாதத்தை எடுத்து வைத்தார் என்பார்கள். வேடிக்கைக்குச் சொன்னதுதான், ஆனால் தர்க்கத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

ஹேடிக்ஸின் ஆட்டம் பல ஆண்டுகள் நோ-ஹிட்டர் பட்டியலில் இருந்தது. 1991 செப்டம்பரில் பேஸ்பால் ஆணையர் ஃபே வின்சென்ட் தலைமையிலான குழு பட்டியலைச் சுத்தம் செய்தது. ஒன்பது இன்னிங்ஸ் அல்லது அதற்கு மேல், ஆட்டம் முடியும்வரை ஹிட் இல்லாமல் இருந்தால்தான் நோ-ஹிட்டர் என்று வரையறுத்தார்கள். மழையால் பாதியில் முடிந்தவை, கூடுதல் இன்னிங்ஸில் உடைந்தவை என்று சுமார் 50 ஆட்டங்கள் பட்டியலிலிருந்து போயின. ஹேடிக்ஸுடையதும் போனது. என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியும், பரவாயில்லை என்ற அளவில் அவர் நிறுத்திக்கொண்டார். 1994 ஜனவரியில் இறந்தார்.

ரசிகர்களுக்கு இந்த விதி மேல் இன்றும் ஆத்திரம் உண்டு. எனக்கு இல்லை. ஆட்டம் முடிந்தபோது ஒரு ஹிட் இருந்தது, அவ்வளவுதான். விதியை அவருக்காக வளைத்தால் ஒன்பதாவதோடு ஆட்டம் முடிந்துவிட்டது என்று பாசாங்கு செய்ய வேண்டும். அப்படிச் செய்தால் பத்து, பதினொன்று, பன்னிரண்டு ஆகிய மூன்று இன்னிங்ஸையும் தூக்கி எறிய வேண்டிவரும். அந்த மூன்றும்தான் வேறு யாரிடமும் இல்லாதவை.

பட்டியல் எவ்வளவு விசித்திரமானது என்பதற்கு ஒரு உதாரணம். 1960 ஆகஸ்ட் 18, அதே மில்வாக்கி, எதிரணி ஃபிலடெல்ஃபியா. பிரேவ்ஸ் பிட்சர் ஒருவரைப் பந்தால் அடித்துவிட்டார், அந்த ஆளும் அடுத்து நடந்த இரட்டை அவுட்டில் காலி. மொத்தம் 27 பேருக்குத்தான் வீசினார், ஹிட் இல்லை. பிரேவ்ஸ் 1-0 என்று ஜெயித்தது, அந்த ஒரே ரன்னையும் பிட்சரே ஓடி எடுத்தார். பிட்சர் லூ பர்டெட். பட்டியலில் இருக்கிறார்.